ஆழத்தை அனுப்புவது எப்படி?

2010 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. லண்டனில் ஆர்சனல் அணியும் மான்செஸ்டர் யுனைடெட் அணியும் மோதிக்கொண்டிருந்தன. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஒன்பது மதுக்கூடங்களில் கூடியிருந்தவர்கள் அந்தக் கால்பந்தாட்டத்தைக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தார்கள். முப்பரிமாண ஒளிபரப்புக்கு ஸ்கை நிறுவனம் நடத்திய வெள்ளோட்டம் அது. மான்செஸ்டர் 3-1 என்று வென்றது.

‘அவதார்’ படம் வெளியாகி ஆறு வாரம் ஆகியிருந்த நேரம். லாஸ் வேகஸ் மின்னணுக் கண்காட்சியில் சாம்சங், சோனி, பானசோனிக், எல்ஜி என்று எல்லோரும் 3டி தொலைக்காட்சிப் பெட்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஏப்ரலில் ஸ்கை தனி 3டி சேனலையே தொடங்கியது. ஜூன் 11 அன்று, தென்னாப்பிரிக்காவும் மெக்சிகோவும் ஆடிய உலகக் கோப்பைத் தொடக்க ஆட்டத்தோடு அமெரிக்காவில் இஎஸ்பிஎன் 3டி வந்தது. கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணம், வண்ணத்திலிருந்து எச்டி. அடுத்த படி இதுதான் என்று தொழில் முழுவதும் நம்பியது.

2013இல் இஎஸ்பிஎன் 3டி மூடப்பட்டது. 2015இல் ஸ்கை தன் சேனலை நிறுத்திக்கொண்டது. 2017 தொடக்கத்தில், கடைசிவரை தாக்குப்பிடித்த எல்ஜியும் சோனியும் புதிய பெட்டிகளில் 3டி வசதி இருக்காது என்று அறிவித்தன. ஏழே ஆண்டுகளில் எல்லாம் முடிந்துபோனது.

பிபிசியின் அனுபவம் இதன் காரணத்தைத் தேட உதவுகிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கின்போது பிரிட்டனில் சுமார் 15 லட்சம் வீடுகளில் 3டி பெட்டி இருந்தது. தொடக்க விழாவை அவற்றில் பாதி வீடுகள் முப்பரிமாணத்தில் பார்த்தன. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று அரசி எலிசபெத்தின் உரையும் 3டியில் ஒளிபரப்பானது. அதைப் பார்த்தவை ஏறக்குறைய 5 சதவீத வீடுகள்தான். அடுத்த ஜூலையில் 3டி தயாரிப்பை நிறுத்திவைப்பதாக பிபிசி அறிவித்தது. அந்தப் பிரிவுக்குத் தலைமை வகித்த கிம் ஷில்லிங்லா சொன்ன காரணம் எளிமையானது. திரையரங்குக்குப் போகிறவர் படம் பார்ப்பதற்கென்றே போகிறார். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதே தொந்தரவு.

உண்மைதான். ஆனால் பழியைக் கண்ணாடியின் மேல் மட்டும் போட்டுவிட முடியாது. பார்வைக் குறைபாடு உள்ள கோடிக்கணக்கானவர்கள் காலையில் எழுந்ததும் கண்ணாடி மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் யாரும் செய்தித்தாள் படிப்பதை விட்டுவிடவில்லை. இன்னும் ஆழமான ஒரு கோளாறு அந்தத் தொழில்நுட்பத்துக்குள்ளேயே இருந்தது. அடுத்து வரப்போகும் முப்பரிமாணத் தொலைக்காட்சி பிழைக்குமா என்பது, அந்தக் கோளாறை அது எப்படித் தாண்டுகிறது என்பதில்தான் இருக்கிறது.

மனிதனின் இரு கண்களுக்கும் இடையே சராசரியாக 6.3 சென்டிமீட்டர் இடைவெளி. அதனால் ஒவ்வொரு கண்ணும் உலகைச் சற்றே வேறு கோணத்தில் பார்க்கிறது. இரண்டு காட்சிகளுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து மூளை ஆழத்தைக் கணக்கிடுகிறது. இதை 1838இல் சார்லஸ் வீட்ஸ்டோன் லண்டன் ராயல் சொசைட்டியில் விளக்கினார். இரண்டு படங்களை இரண்டு ஆடிகள் வழியே தனித்தனிக் கண்ணுக்குக் காட்டும் ஸ்டீரியோஸ்கோப் கருவியையும் உருவாக்கினார். புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டில்தான். 1928 ஆகஸ்டில் ஜான் லோகி பேர்ட் லண்டனில் தன் இயந்திரத் தொலைக்காட்சியில் இதே உத்தியைச் செய்துகாட்டினார். தொலைக்காட்சி தவழத் தொடங்கும்போதே முப்பரிமாண ஆசையும் கூடப் பிறந்துவிட்டது.

வீட்ஸ்டோன் முதல் ‘அவதார்’ வரை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: ஒரு கண்ணுக்கு ஒரு படம். அதில் விடுபட்டுப்போனது என்ன?

கட்டைவிரலை முகத்துக்கு முன்னே ஒரு சாண் தூரத்தில் நிறுத்திப் பார்த்தால் தெரியும். விரலைப் பார்க்கும்போது பின்னால் உள்ள சுவர் இரண்டாகப் பிரிந்து மங்குகிறது. சுவரைப் பார்த்தால் விரல் இரண்டாகிறது. சுவரிலிருந்து விரலுக்குப் பார்வை மாறும்போது கண்ணில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இரு விழிகளும் உள்நோக்கித் திரும்புகின்றன. கண்ணுக்குள் இருக்கும் வில்லை தடித்து, குவியத்தை அருகே கொண்டுவருகிறது. குழந்தைப் பருவத்திலிருந்தே இவ்விரண்டும் ஒன்றாக இயங்கிப் பழகியவை. இப்போது மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் 3டி பெட்டியிலிருந்து ஒரு பந்து பாய்ந்து, ஒரு மீட்டர் தூரத்தில் மிதப்பதுபோல் தெரிகிறது. விழிகள் ஒரு மீட்டருக்குத் திரும்புகின்றன. ஆனால் ஒளி வருவது மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் கண்ணாடிப் பரப்பிலிருந்து. வில்லை அங்கேதான் குவிந்தாக வேண்டும். கூடவே பழகிய இரண்டு செயல்களையும் பிரித்து இழுக்கும் இந்த முரண்பாடு கண் சோர்வையும் தலைவலியையும் தரக்கூடியது என்பதை, பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் பேங்க்ஸ் குழு 2008இல் சோதனை மூலம் காட்டியது.

திரை எவ்வளவு தள்ளிப் போகிறதோ, இந்த முரண்பாடு அவ்வளவு குறைகிறது. பத்துப் பதினைந்து மீட்டர் தூரத் திரைக்கு வில்லை கிட்டத்தட்ட ஓய்வு நிலையில் இருக்கும். தொடக்கம் முதலே 3டி கேமராவில் எடுக்கப்பட்ட ஷங்கரின் ‘2.0’ போன்ற படங்களைத் திரையரங்கில் உட்கார்ந்து முழுதாகப் பார்க்க முடிகிறதென்றால், இருட்டும் பெரிய திரையும் மட்டும் அதற்குக் காரணமல்ல, தூரமும் காரணம். வீட்டுக் கூடத்தை நீட்ட முடியாது.

படம்பிடிப்பவர்களின் பாடு தனி. ஒளிபரப்புக் கேமராவின் உடல் அகலமானது. இரண்டைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் லென்ஸ்களின் இடைவெளி கண்களின் இடைவெளியைத் தாண்டிவிடும். எனவே ஒரு கேமராவைக் கிடையாகவும் மற்றொன்றைச் செங்குத்தாகவும் நிறுத்தினார்கள். பாதி ஒளியை ஊடுருவவிட்டு மீதியைத் திருப்பி அனுப்பும் ஆடியை இரண்டுக்கும் நடுவே 45 பாகை சாய்வில் வைத்தார்கள். ஒவ்வொரு ஜோடிக் கேமராவுக்கும் ஒளிபரப்பு வேனுக்குள் ஓர் ஆள். ஆட்டக்காரர் ஓட ஓட, இரு லென்ஸ்களும் சந்திக்கும் கோணத்தைக் கைப்பிடியால் திருத்திக்கொண்டே இருப்பது மட்டுமே அவருடைய வேலை.

மைதானத்தின் உச்சியிலிருந்து எடுத்தால் ஆழமே தெரியாது. அவ்வளவு தூரத்துக்கு 6.3 சென்டிமீட்டர் இடைவெளி ஒன்றுமே இல்லை. இடைவெளியை அகலப்படுத்தினால் ஆழம் வருகிறது. ஆனால் ஆட்டக்காரர்கள் எல்லாம் குட்டிப் பொம்மைகளாகச் சுருங்கித் தெரிகிறார்கள். கண்களின் இடைவெளியை அளவுகோலாக வைத்துக்கொண்டு உலகை அளக்கும் மூளை, அந்த அளவுகோல் நீண்டுவிட்டதை அறியாமல் காட்சியைச் சிறிதாக்கிவிடுகிறது. ஆய்வாளர்கள் இதைப் பொம்மலாட்ட விளைவு என்றே அழைக்கிறார்கள். புல்தரை ஓரமாகத் தாழ வைத்த கேமராவில் ஆழம் அருமையாக வரும். ஆட்டத்தின் போக்குதான் புரியாது. ஸ்கோர் பட்டையிலும் ஒரு சிக்கல். படத்தின் மேல் எழுத்து பதிந்திருக்கும், ஆனால் அதன் பின்னால் இருக்க வேண்டிய ஆட்டக்காரரின் கை அதற்கு முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். மூளை அதை ஏற்க மறுக்கும். சில நொடிகளுக்கு ஒருமுறை காட்சி வெட்டப்படும்போதெல்லாம் விழிகள் புதிய ஆழத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதால், 3டி இயக்குநர்கள் நீளமான காட்சிகளையே விரும்பினார்கள். சாதாரண ஒளிபரப்புக்கான காட்சித் தேர்வு இதற்குப் பொருந்தாமல்போக, ஒரே ஆட்டத்துக்குத் தனித்தனிக் குழுக்கள் தேவைப்பட்டன.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த இரண்டு படங்களையும் பழைய எச்டி சேனலுக்குள் அடைக்க, ஒவ்வொன்றின் அகலத்தையும் பாதியாக நசுக்கிப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அனுப்பினார்கள். 1920 புள்ளி அகலம் 960 ஆனது. எச்டிக்குப் பணம் கட்டிப் பழகிய பார்வையாளருக்குக் கிடைத்தது மங்கலான ஆழம்.

2010 ஜனவரியில், அந்த மதுக்கூட வெள்ளோட்டம் நடந்த அதே மாதத்தில், உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூ முப்பரிமாணத் தொலைக்காட்சிக்கு ஒரு பாதை வரைபடம் வெளியிட்டது. மூன்று தலைமுறைகள் என்றது அது. முதலாவது, கண்ணாடி மாட்டிப் பார்க்கும் இரண்டு படங்கள். இரண்டாவது, தலையை நகர்த்தினால் காட்சியும் மாறும் பலகோணப் படங்கள். மூன்றாவது, பொருளிலிருந்து கிளம்பும் ஒளி அலையையே பதிந்து மீண்டும் உருவாக்கும் முறை. அதற்கு இன்னும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும் என்றும் குறிப்பிட்டது. கடையில் விற்பனைக்கு வந்திருப்பது முதல் படி மட்டுமே என்பதைப் பொறியாளர்கள் அன்றே அறிந்திருந்தார்கள். விளம்பரங்கள்தான் அதை முடிந்த பயணமாகக் காட்டின.

மற்ற இரண்டு தலைமுறைகளுக்கான வேலை சத்தமில்லாமல் நடந்துவரும் முக்கியமான இடம் டோக்கியோவின் செட்டகயா பகுதியில் இருக்கிறது: ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் ஆய்வுக்கூடம். அவர்களுக்குப் பொறுமை புதிதல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு எச்டி ஆய்வைத் தொடங்கியவர்கள், 1995இல் 8கே ஆய்வில் இறங்கி, 2018 டிசம்பர் 1 அன்று அதை வழக்கமான செயற்கைக்கோள் சேனலாக்கியவர்கள். கண்ணாடி தேவைப்படாத முப்பரிமாணத்துக்கு அவர்கள் பிடித்த நூல் 1908இல் தொடங்குகிறது.

அந்த ஆண்டு பிரெஞ்சு இயற்பியலாளர் காப்ரியேல் லிப்மன், வண்ணப் புகைப்பட முறைக்காக நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டில் அவர் இன்னொரு யோசனையையும் முன்வைத்தார். புகைப்படத் தகட்டின் மேல் பூச்சியின் கூட்டுக்கண் போல நுண்ணிய லென்ஸ்களைப் பரப்ப வேண்டும். ஒவ்வொரு லென்ஸும் தன் இடத்திலிருந்து தெரியும் உலகை ஒரு குட்டிப் படமாகப் பதியும். பிறகு பின்னாலிருந்து ஒளி பாய்ச்சினால், ஒவ்வொரு லென்ஸும் வந்த திசையிலேயே ஒளிக்கதிர்களைத் திருப்பி அனுப்பும். பொருள் இருந்த இடத்தில் கதிர்கள் மீண்டும் சந்திக்கும். அங்கே பொருள் இல்லை. ஆனால் அதன் ஒளி இருக்கிறது. கண் அந்த இடத்திலேயே குவியலாம், விழிகளும் அதே இடத்துக்குத் திரும்பலாம். வீட்ஸ்டோனின் வழியில் இருந்த முரண்பாடு இங்கே எழவில்லை. பக்கவாட்டில் மட்டுமல்லாமல், மேலும் கீழும் தலையை நகர்த்தினாலும் காட்சி மாறும். லிப்மனின் முறையில் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரிந்த குறையை, 1931இல் அமெரிக்கரான ஹெர்பர்ட் ஐவ்ஸ் இரண்டாம் முறை பதிவு செய்து சரிசெய்தார்.

இவ்வளவு அழகான யோசனை நூறாண்டு ஏன் காத்திருந்தது என்பதற்குக் கணக்குதான் விடை. என்எச்கே ஆய்வாளர்கள் 2010 வாக்கில் 8கே தரப் படமாக்கும் கருவிகளைக் கொண்டு இந்த முறையைச் செய்துபார்த்தார்கள். 8கே என்பது 7680க்கு 4320, அதாவது சுமார் 3.3 கோடி புள்ளிகள். அதன் முன்னே அவர்கள் வைத்தது 400க்கு 250, அதாவது ஒரு லட்சம் லென்ஸ்கள். ஒவ்வொரு லென்ஸும் பார்வையாளருக்கு ஒரே ஒரு புள்ளியாகத்தான் தெரியும். அதன் பின்னால் உள்ள முந்நூற்றுச் சொச்சம் புள்ளிகள், வெவ்வேறு திசைகளுக்கு வெவ்வேறு ஒளியை அனுப்புவதிலேயே செலவாகிவிடுகின்றன. உலகின் மிகக் கூர்மையான தொலைக்காட்சித் தொழில்நுட்பத்திலிருந்து கிடைத்த முப்பரிமாணப் படத்தில் ஒரு லட்சம் புள்ளிகள்தான். பழைய தூர்தர்ஷன் காலப் படத்தில்கூட அதைவிட அதிகம் இருந்தது. பார்க்கக்கூடிய கோணமும் 24 பாகைதான். அதைத் தாண்டி ஒதுங்கி உட்கார்ந்தால் காட்சி உடைந்துவிடும்.

இந்தக் கணக்கை வெல்ல இரண்டு வழிகளில் முயல்கிறார்கள். பல புரொஜெக்டர்களின் படங்களை ஒரே திரையில் அடுக்கிக் கதிர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது ஒன்று. பார்ப்பவரின் கண்ணைக் கேமராவால் பின்தொடர்ந்து, அந்தக் கண்கள் இருக்கும் பகுதிக்கு மட்டும் கதிர்களை அனுப்புவது இன்னொன்று. இரண்டாவதில் வீணாகும் ஒளி குறைகிறது, பார்வைக் கோணம் விரிகிறது. கைப்பேசி, டேப்லெட் போன்ற ஒருவர் மட்டும் பார்க்கும் திரைக்கு இது பொருந்தும். குடும்பத்தோடு பார்க்கும் பெட்டிக்கு முதல் வழியே வேண்டும், அது கடினமானதும்கூட.

மூன்றாம் தலைமுறையான ஹோலோகிராம் இன்னும் மலைக்கவைக்கிறது. 1947இல் டென்னிஸ் கேபர் கண்டுபிடித்து, 1971இல் நோபல் பெற்ற கோட்பாடு அது. ஒளி அலைகள் ஒன்றோடொன்று மோதி உண்டாக்கும் நுண்கோடுகளில் காட்சியின் முழு ஒளியும் பதிந்திருக்கும். அசையாத ஹோலோகிராம் நம் வங்கி அட்டைகளிலேயே மின்னுகிறது. அதை அசையவைக்க, திரையின் புள்ளிகள் ஒளியின் அலைநீளத்துக்கு நெருங்கிய அளவில் இருக்க வேண்டும். 30 பாகைக் கோணத்தில் பார்க்க வேண்டுமானால் புள்ளிகளின் இடைவெளி ஒரு மைக்ரோமீட்டர். அது தலைமுடியின் தடிமனைவிடப் பல பத்து மடங்கு சிறியது. ஒரு மீட்டர் அகலமுள்ள சாதாரணப் பெட்டியின் திரையை அப்படி நிரப்பினால், 56,000 கோடி புள்ளிகள் ஆகின்றன. 8கேயைப்போல ஏறக்குறைய 17,000 மடங்கு. எம்ஐடியில் ஸ்டீஃபன் பென்டன் குழு 1980களின் இறுதியிலேயே அசையும் ஹோலோகிராமைக் காட்டிவிட்டது. அது உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. ஐடியூ சொன்ன 20 ஆண்டுகள் 2030இல் முடிகின்றன. அதற்குள் இது கூடத்துக்கு வராது என்பது உறுதி.

காட்டும் திரை தயங்கி நிற்கையில், பதியும் கலை வெகுதூரம் போய்விட்டது. இந்த நூலாசிரியரின் கணிப்பில், ஒளிபரப்பின் எதிர்காலம் முதலில் உருப்பெறுவது இங்கேதான்.

2001 ஜனவரியில் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் நடந்த சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் தகேயோ கனடே முப்பதுக்கு மேற்பட்ட இயந்திரக் கேமராக்களை மைதானத்தைச் சுற்றி நிறுத்தினார். ஆட்டக்காரர் அந்தரத்தில் உறைந்து நிற்க, பார்வை மட்டும் அவரைச் சுற்றி வந்தது. அது கேமராவுக்குக் கேமரா தாவிய பார்வை. 2008 நவம்பர் 4 அன்று, ஒபாமா வென்ற தேர்தல் இரவில் சிஎன்என் இன்னொரு படி ஏறியது. சிகாகோவில் ஒரு கூடாரத்துக்குள் 35 கேமராக்களுக்கு நடுவே நின்ற நிருபர் ஜெசிக்கா யெலின், நியூயார்க் அரங்கில் வுல்ஃப் பிளிட்ஸர் முன்னே தோன்றினார். அந்த உருவம் வீட்டுத் திரையில் மட்டுமே இருந்தது. பிளிட்ஸருக்கு எதிரே வெறும் தரைதான். ஆனால் அரங்கின் கேமரா நகர்ந்தபோது யெலினின் உருவமும் சரியான கோணத்துக்குத் திரும்பியது. அந்த இரவின் சாதனை அதுதான்.

பிறகு இன்டெல் நிறுவனம் மைதானங்களில் 38 கேமராக்களைச் சுற்றிப் பொருத்தி, ஆட்டத்தையே முப்பரிமாண உருவமாகக் கணினிக்குள் கட்டியது. ஆட்டக்காரரின் கண்ணிலிருந்து பந்தைப் பார்க்கும் காட்சிகள் வந்தன. வருமானம் செலவைத் தாங்காததோ என்னவோ, 2021இல் அந்தப் பிரிவை மூடிவிட்டது. ஆனால் வேலை நிற்கவில்லை. 2022இல் நியூயார்க்கின் புரூக்ளின் நெட்ஸ் கூடைப்பந்து அணியின் அரங்கில் கேனான் நிறுவனத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட கேமராக்கள் அமர்ந்தன. கேமராவே இல்லாத இடத்திலிருந்து, சில நொடித் தாமதத்தில், ஆட்டத்தைக் காட்ட முடிந்தது.

செலவைக் குறைக்கும் வழியும் திறந்திருக்கிறது. 2020இல் பெர்க்லி, கூகுள் ஆய்வாளர்கள் சில டஜன் புகைப்படங்களிலிருந்து ஓர் இடத்தை முழுமையாகக் கணினிக்குள் மீட்டெடுக்கும் நெர்ஃப் என்ற முறையை வெளியிட்டார்கள். 2023இல் பிரான்ஸின் இன்ரியா ஆய்வுக்கூடத்திலிருந்து காஸியன் ஸ்ப்ளாட்டிங் வந்தது. இடத்தை லட்சக்கணக்கான மங்கலான வண்ணத் துளிகளாகப் பிரித்து வைத்து, எந்தக் கோணம் கேட்டாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் படமாக்கித் தருகிறது அது. இத்தகைய காட்சிகளை அனுப்புவதற்கான பொது வடிவங்களை எம்பெக் அமைப்பு ஏற்கெனவே வரையறுக்கத் தொடங்கிவிட்டது. பல கேமராக்களின் படங்களோடு, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற ஆழத் தகவலையும் சேர்த்து அனுப்புவதே அவற்றில் ஒன்றின் சாரம். நடுவில் உள்ள கோணங்களை வீட்டுப் பெட்டியே கணக்கிட்டுக்கொள்ளும்.

இதற்கிடையே தலைக்கவசத் திரைகளும் வந்துவிட்டன. 2018 உலகக் கோப்பைக் கால்பந்தில் தன் பங்குக்கு வந்த 33 ஆட்டங்களையும் பிபிசி மெய்நிகர் செயலியில் காட்டியது. 2023 ஐபிஎல் ஆட்டங்களைச் சுற்றிப் பார்ப்பதற்காக, கைப்பேசியைச் செருகி மாட்டிக்கொள்ளும் ஜியோடைவ் கருவியை ஜியோ 1,299 ரூபாய்க்கு விற்றது. ஆப்பிளின் விஷன் புரோவுக்காக உருவான பிளாக்மேஜிக் கேமரா, ஒவ்வொரு கண்ணுக்கும் 8160க்கு 7200 புள்ளிகளை, நொடிக்கு 90 முறை பதிகிறது. படத்தின் தரம் வியக்கவைக்கிறது. ஆனாலும் விக்கெட் விழும்போது பக்கத்தில் இருப்பவரின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பதும் தொலைக்காட்சி பார்ப்பதன் ஒரு பகுதி. மூடிய கண்ணறைக்குள் அது கிடைக்காது. கருவியில் உள்ள வில்லைகளின் குவியம் மாறாது என்பதால் பழைய முரண்பாடும் உள்ளே அப்படியே இருக்கிறது. தொலைவில் இருப்பவர் எதிரே நேரில் அமர்ந்திருப்பதுபோல் காட்டும் கூகுள் பீம் திரை கண்ணாடி கேட்பதில்லை. ஆறு கேமராக்களோடு எச்பி 2025இல் அறிவித்த அதன் விலை 24,999 டாலர். அதுவும் அலுவலகச் சந்திப்புக்கானது.

படத்தை விட்டு இடத்தை அனுப்பும் இந்த ஒளிபரப்பில் ஒரு பாதி, உண்மையில், ஓடத் தொடங்கிவிட்டது: ஒலி. என்எச்கேயின் 8கே சேனல் 24 ஒலித்தடங்களோடு, தலைக்கு மேலிருந்தும் கால்மட்டத்திலிருந்தும் ஓசை வரும்படி அனுப்புகிறது. தென்கொரியாவின் புதிய தரை ஒளிபரப்பு 2017 முதல் எம்பெக்-எச் என்ற முறையைப் பயன்படுத்துகிறது. இதில் வர்ணனை, கூட்டத்தின் ஆரவாரம், வசனம் ஆகியவற்றைக் கலந்து ஒரே ஓசையாக அனுப்ப வேண்டியதில்லை. ஒவ்வொன்றையும் அது எந்தத் திசையிலிருந்து வர வேண்டும் என்ற குறிப்போடு தனித்தனிப் பொருளாக அனுப்பலாம். வீட்டில் இரண்டு ஸ்பீக்கர் இருந்தாலும் பன்னிரண்டு இருந்தாலும், பெட்டி தனக்கேற்பக் கலந்துகொள்ளும். காது மந்தமான தாத்தா வசனத்தை மட்டும் உயர்த்திக்கொள்ளலாம். வர்ணனை வேண்டாத பேரன் அதை அணைத்துவிட்டு மைதானத்தின் இரைச்சலோடு ஆட்டத்தைப் பார்க்கலாம். பிரேசில் தன் அடுத்த தலைமுறைத் தொலைக்காட்சிக்கும் இதே முறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. படத்துக்கும் இதைச் செய்வதுதான் இப்போது ஆய்வுக்கூடங்களின் மேசையில் இருக்கும் வேலை. ஒரே அனுப்பலிலிருந்து தட்டைத் திரைக்கு இயக்குநர் தேர்ந்த காட்சி, கைப்பேசிக்கு விரலால் திருப்பக்கூடிய காட்சி, லிப்மன் வழியில் நாளைக்கு வரும் கதிர்த்திரைக்கு முழு ஆழம். அதற்கு எந்தப் பெட்டியில் எவ்வளவு கணிப்புத் திறன் வேண்டும், எந்தக் கோணம்வரை பார்க்கவிடலாம் என்பதை ஒளிபரப்பாளர்களும் பெட்டி தயாரிப்பவர்களும் இனிமேல்தான் பேசி முடிவுசெய்ய வேண்டும்.